மாமாவும் ஒரு வாளித் தண்ணீரும்

எங்கள் மாமா தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஸ்கூட்டரைக் கழுவுவார். அன்றைக்கு வண்டியை வெளியே எடுத்தாரா இல்லையா என்பதெல்லாம் கணக்கில்லை. மழையில் வண்டி தானாகவே நனைந்து நின்றாலும், மழை விட்டதும் ஒரு வாளியும் துணியுமாக வந்துவிடுவார். முதலில் அடிப்பாகம், பிறகு சக்கரத்துக்கு உட்பக்கம், கடைசியில்தான் கண்ணுக்குத் தெரிகிற மேல்பாகம். குன்னூரில் இது சின்ன விஷயமில்லை. கோடையில் குழாய்ச் சத்தத்துக்குத் தெருவே காதைத் தீட்டிக்கொண்டு கிடக்கும். எதிர்வீட்டு அக்கா ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டார்: "ஏனுங்ணா, குடிக்கத் தண்ணியில்லாம நாங்க லாரிக்காரன் கால்ல விழுகறோம், நீங்க வண்டிக்குத் தலைக்கு ஊத்திட்டு இருக்கீங்களே?" மாமா நிமிரவே இல்லை. "உப்பு போகோணும்ல அம்மிணி" என்றார். கடல் மட்டத்திலிருந்து 6,000 அடி உயரத்தில் எந்த உப்பு என்று அக்காவும் கேட்கவில்லை, மாமாவும் சொல்லவில்லை.

மாமா கடற்படையில் இருந்தவர். அவருடைய அப்பா அருவங்காடு கார்டைட் வெடிமருந்து ஃபேக்டரியில் வேலை பார்த்ததால் மகனையும் அங்கேயே சேர்த்துவிடலாம் என்று பாட்டி நினைத்திருந்தார். இவர் 1973-ல், பதினெட்டு வயதில், கடலை ஒருமுறைகூடப் பார்க்காமல் கடற்படையில் சேர்ந்தார். கொச்சியில் பயிற்சி முடித்து விமானப் பராமரிப்பில் வேலை. பதினைந்து வருடம் முடித்து பெட்டி ஆஃபீசராகத் திரும்பி வந்தபோது, பெட்டிக்கடைக்கு எதற்கு ஆபீசர் என்று ஊரில் கேட்டவர்கள் உண்டு. அதற்குப் பிறகு ஒரு தேயிலை ஃபேக்டரியில் மெஷின்களைப் பார்த்துக்கொண்டார். ஆனால் அந்தப் பதினைந்து வருடம் அவரை விடவில்லை. இன்றைக்கும் மார்க்கெட்டுக்குக் கிளம்பும்போது "கரைக்குப் போய்ட்டு வந்தர்றேன்" என்பார். தரையில் கட்டிய தளத்தையும் கப்பல் என்றே பெயர் வைத்து அழைப்பது கடற்படை வழக்கம்; அதன் வாசலைத் தாண்டினால் கரை. அத்தை இருந்தவரை "அப்ப நான் என்ன கப்பலிலயா குடித்தனம் பண்றேன்" என்று தினமும் பதில் வரும். இப்போது பதில் சொல்ல ஆளில்லை, ஆனாலும் சொல்லிவிட்டுத்தான் போகிறார்.

போன ஜனவரியில் மாமாவையும் அம்மாவையும் கோவாவுக்கு அழைத்துப் போனேன். அங்கே போக்மலோ கடற்கரைக்கு மேலே, டபோலிம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், கடற்படை விமான அருங்காட்சியகம் இருக்கிறது. 1998-ல் திறந்தது. மாமா வேலை பார்த்த விமானத்திலேயே ஒன்று அங்கே நிற்கிறது என்று தெரிந்துதான் போனோம். அங்கே நடந்த ஒரு சின்ன விஷயத்தை நாங்கள் மூன்று பேரும் மூன்று விதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அம்மாவைக் கேட்டால் "மானம் போச்சு" என்பார். மாமாவைக் கேட்டால் "அப்புடி ஒண்ணும் நடக்கலியே கண்ணு" என்பார். எனக்கு மட்டும் அது இன்னும் அடங்கவில்லை.

சூலூர்க் கடல்

சின்ன வயதில் மாமா எங்களை லேம்ப்ஸ் ராக்குக்குக் கூட்டிப் போவார். பனி விலகினால் கீழே கோயம்புத்தூர்ச் சமவெளி விரித்த பாய் மாதிரி தெரியும். கிழக்கே கையை நீட்டி, "அக்கட்டால தெரியுதல்ல, அங்கதான் நம்ம நேவியோட ஜெட்டுக மொதல்ல வந்து நின்னுச்சு" என்பார். நான் பூகோளத்தில் நல்ல மார்க் வாங்குகிறவள். கோயம்புத்தூர் ஜில்லாவில் கடலே கிடையாது. அவர் கை காட்டிய சூலூரில் இருக்கிற ஒரே கடல், நொய்யல் தண்ணி வந்து நிற்கிற சூலூர்க் குளம்தான். லீவில் வந்த மாமா குழந்தைகளுக்குக் கதை விடுகிறார் என்றே எடுத்துக்கொண்டேன். அந்த எண்ணத்தை ரொம்ப வருஷம் சோதித்துப் பார்க்கவும் இல்லை.

கோவா கிளம்புவதற்கு முன்னால் உட்கார்ந்து படித்தபோதுதான் தெரிந்தது, மாமா ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. நம்முடைய முதல் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த், 1961 மார்ச் 4 அன்று பெல்ஃபாஸ்டில் கடற்படையில் சேர்ந்தது. கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது அதன் விமானங்கள் கரையில் ஒரு கூட்டுக்குத் திரும்ப வேண்டும். கோவா அப்போது போர்ச்சுக்கீசியர் கையில். 1961 செப்டம்பர் 5 அன்று சூலூரில்தான் ஐ.என்.எஸ். ஹன்சா என்ற கடற்படை விமானத் தளம் தொடங்கியது. சீ ஹாக், அலிசே, வாம்பயர் விமானங்கள் அங்கே நின்றன. அந்த டிசம்பரில் கோவா விடுதலையானது, அடுத்த ஏப்ரலில் டபோலிம் ஓடுதளம் கடற்படைக்கு வந்தது, 1964 ஜூனில் ஹன்சா அங்கே குடிபோனது. ஹன்சா என்றால் அன்னம். கோவாக் கடலோரத்து அன்னம் பொரிந்தது நொய்யல் கரையில். அதற்கும் முன்னால், இரண்டாம் உலகப் போரின்போது, பிரிட்டிஷ் கடற்படை தன் விமானங்களைப் பழுது பார்க்கும் பட்டறையைக் கோயம்புத்தூரில் வைத்து அதற்குக் கருடா என்று பேர் வைத்திருந்தது. 1953-ல் கொச்சியில் நம் கடற்படை தொடங்கிய தளத்துக்கும் அதே பேர்தான். மாமாவிடம் இதையெல்லாம் பெரிய கண்டுபிடிப்பு மாதிரிப் போய்ச் சொன்னேன். "அதத்தான கண்ணு முப்பது வருசமாச் சொல்லிட்டு இருக்கேன்" என்றார்.

பறவைப் பேர் என்றதும் ஒன்று. கடற்படையின் விமானத் தளங்கள் பலவற்றுக்குப் பறவைப் பேர். அரக்கோணத்தில் 1992-ல் தொடங்கியது ராஜாளி. ராமநாதபுரம் உச்சிப்புளியில் இருப்பது பருந்து. இரண்டும் தமிழ்ப் பேர்கள். இந்தியில் எழுதும்போது அந்த 'ளி' தேய்ந்து 'லி' ஆகிவிடுகிறது என்பது மாமாவின் நிரந்தர வருத்தம். "நம்ம பேர வெச்சானுக, நாக்க மடிக்கத்தான் மாட்டேங்கறானுக."

சூலூருக்கும் எங்கள் மலைக்கும் இப்போது வேறொரு நினைவும் சேர்ந்துவிட்டது. சூலூரிலிருந்து வெலிங்டனுக்குக் கிளம்பிய முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்தின் ஹெலிகாப்டர் எங்கள் மலையில் விழுந்த 2021 டிசம்பர் 8 பற்றி இங்கே இருப்பவர்களுக்கு நான் எதையும் சொல்ல வேண்டியதில்லை. அன்றிலிருந்து மூடுபனியில் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் மாமா வாசலுக்கு வந்துவிடுவார். சத்தம் வெலிங்டன் பக்கம் போய் அடங்கும்வரை நிற்பார். கையில் அந்தத் துணி இருக்கும்.

இறக்கைக்கு அடியில்

கோவை போய் ரயில் ஏறி, மட்காவில் இறங்கி, வாஸ்கோவில் ரூம் போட்டோம். ஸ்வெட்டர் கழற்றிய உடம்புக்கு அந்தப் புழுக்கம் ஒத்துக்கொள்ளவில்லை. அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டே வந்தார். மாமா மட்டும் ஆட்டோவிலிருந்து இறங்கியதும் மூக்கை உறிஞ்சி, "மாறவே இல்ல" என்றார்.

விமானங்கள் பெரும்பாலும் திறந்தவெளியில், புல்தரையில் நிற்கின்றன. நம் கடற்படைக்கு 1953-ல் முதன்முதலாக வந்த சீலேண்ட் அங்கே இருக்கிறது. தண்ணீரிலும் இறங்கும், தரையிலும் இறங்கும், அதனால் வயிறு படகு மாதிரி. சூப்பர் கான்ஸ்டலேஷன் ஒன்று, கல்யாண மண்டபம் மாதிரி நீட்டி நிற்கிறது. ஏர் இந்தியாவில் பயணிகளை ஏற்றி, அப்புறம் விமானப் படைக்குப் போய், கடைசிக் காலத்தில் கடற்படைக்கு வந்து கடலைக் காவல் பார்த்த குடும்பம் அது. பின்னால் மூன்று வால். "ரிட்டயர் ஆகற வயசுல மூணாவது வேலையா, பாவம்" என்றார் அம்மா. சேட்டக் ஹெலிகாப்டருக்கு முன்னால் மாமா நின்று சிரித்தார். அவர் ஸ்கூட்டரும் சேட்டக்தான்.

நான் ஆசையாகப் பார்க்க வந்தது சீ ஹாக். 1961 மே 18 அன்று லெப்டினன்ட் தஹிலியானி விக்ராந்த் மேல்தளத்தில் முதன்முதலாக ஜெட் விமானத்தை இறக்கியதைப் படித்திருந்தேன். பின்னாளில் கடற்படைத் தளபதியானவர். விக்ராந்தின் மொத்த நீளமே 213 மீட்டர், அதிலும் விமானம் இறங்க அனுமதித்த இடம் அதில் ஒரு பகுதிதான். அந்த இடமும் சும்மா இருக்காது, அலையோடு ஏறி இறங்கும். குறுக்கே கட்டிய இரும்பு வடத்தில் வாலுக்குக் கீழ் இருக்கும் கொக்கி மாட்டினால் விமானம் நிற்கும். மாட்டாவிட்டால் அப்படியே மறுபடி மேலே எழும்பிப் போக வேண்டியதுதான். அந்தக் கொக்கியை நான் ஏதோ பெரிய சமாச்சாரமாகக் கற்பனை செய்து வைத்திருந்தேன். பார்த்தால் ஒரு தடித்த கம்பி, நுனியில் வளைவு. கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கப் போடும் பாதாளக் கரண்டியில் ஒரு கொக்கியை உடைத்து எடுத்த மாதிரி. "இவ்வளவுதானா மாமா?" என்றேன். "நம்ம மலை ரயிலு எதுல ஏறுது? கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்கும் நடுத் தண்டவாளத்துல பல்லு, அதுல கடிச்சுக்கிட்டுத்தான ஏறுது. சமதளம் இல்லாத எடத்துல எதையாச்சும் கடிச்சுக்கோணும் கண்ணு. அதுக்குப் பல்லு, இதுக்குக் கொக்கி" என்றார். நான் கொக்கியைப் படம் எடுத்து நிமிர்ந்தபோது ஆள் பக்கத்தில் இல்லை.

அலிசே பக்கம் போயிருந்தார். சீ ஹாக் மாதிரி அழகில்லை அது. மூக்கில் காற்றாடி சுழலும், நீர்மூழ்கிகளைத் தேடும் மூன்று பேர் விமானம். வயிற்றுக்குள்ளிருந்து ரேடார்க் குடம் ஒன்று கீழே இறங்கும், அதனால் கொஞ்சம் தொப்பை. பிரெஞ்சுக்காரர்கள் செய்தது; அலிசே என்றால் அவர்கள் மொழியில், ஒரே திசையில் ஓயாமல் வீசும் கடற்காற்று. மாமாவுக்கு அது எப்போதும் 'அவ'. "அவ முக்குவா, முனகுவா, ஆனா தூக்கிட்டுப் போயிருவா." 1991-ல் அலிசே கடற்படையிலிருந்து விடைபெற்றபோது மாமா தேயிலை ஃபேக்டரியில் இருந்தார். ஆக முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது இரண்டு பேரும் பார்த்து.

நான் எதிர்பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன். மாமா உணர்ச்சிவசப்படுவார், மூக்கைத் தொட்டுப் பார்ப்பார், கண் கலங்கும், நான் ஒரு நல்ல படம் எடுப்பேன் என்று நினைத்திருந்தேன். சட்டைப் பையில் பேட்டரி நிறைத்த போனோடு தயாராக இருந்தேன். மாமா விமானத்தின் முகத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராக இறக்கைக்கு அடியில் போனார். வேட்டியை மடித்துக் கட்டினார். எழுபது வயது மனிதர், முட்டி வலி உள்ளவர், புல்லில் மல்லாக்கப் படுத்தார். சக்கரக் காலுக்குப் பின்னால் கையை மேலே விட்டு, ஏதோ ஒரு மூலையில் சுட்டுவிரலைத் தேய்த்து, வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு அந்த விரலை வாயில் வைத்தார்.

"அண்ணா! என்ன இது அசிங்கம்!" என்று அம்மா கத்தினார்.

"உப்பு" என்றார் மாமா. குறை சொல்கிற குரலில்லை. வீட்டில் ரசத்தை நாக்கில் விட்டுப் பார்த்துச் சொல்கிற அதே குரல். பெயின்ட் நன்றாகத்தான் இருந்தது, நானே பார்த்தேன். கடலோரத்தில் எதைக் கொண்டு வந்து வைத்தாலும் காற்று அதன்மேல் உப்பைப் பூசிவிட்டுத்தான் போகும். இதில் யாரையும் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மாமா கையை நீட்டினார். "அந்தத் தண்ணி பாட்டிலக் குடு." கொடுத்தேன். கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து, அந்த மூலையைத் துடைக்க ஆரம்பித்தார்.

விசில் சத்தம் கேட்டது. காவலர் ஓடி வந்தார். தொடக்கூடாது என்று எழுதி வைத்திருக்கும் இடத்தில் ஒருவர் படுத்தே விட்டார் என்றால் யார்தான் சும்மா இருப்பார்கள். அம்மா கைகூப்பி, தமிழில், ஊர்ப்பட்ட மன்னிப்புக் கேட்டார். மாமா படுத்தபடியே, பவானி ஆற்றுத் தண்ணி கலந்த தன் இந்தியில் நிதானமாக ஏதோ சொன்னார். எனக்குப் புரிந்தது நான்கைந்து சொல்தான்: முன்னூற்றுப் பத்து, விக்ராந்த், பத்து வருஷம், நமக். முன்னூற்றுப் பத்து என்பது அலிசே படைப்பிரிவின் எண். காவலருக்கும் ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். குனிந்து மாமாவின் முகத்தைப் பார்த்தார், கையிலிருந்த கைக்குட்டையைப் பார்த்தார். எழுந்து நின்று ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த பத்து நிமிடம் அவருக்கு அந்தப் பக்கம் ஏதோ பெரிய வேலை இருந்தது.

மாமா துடைத்தது ஒரு உள்ளங்கை அகலம். அதற்குமேல் பாட்டிலில் தண்ணி இல்லை. எழ முடியாமல் முட்டி பிடித்துக்கொண்டது. நானும் அம்மாவும் ஆளுக்கொரு கை பிடித்து இழுத்தோம். அம்மா வழியெல்லாம் பேசவில்லை.

எங்களுக்கு ஒரு வாளி

அன்றிரவு ரூமில்தான் மாமா பேசினார். இத்தனை வருடத்தில் அவர் வேலையைப் பற்றி நான் கேட்டதெல்லாம் விமானம் எப்படிப் பறக்கும், பயமாக இருக்காதா, போரைப் பார்த்தீர்களா என்பதுதான். போர் 1971-ல், அவர் சேர்வதற்கு முன். அதனால் எனக்கு அவரிடம் கதை இல்லை என்று முடிவு கட்டியிருந்தேன். அவர் செய்த வேலை என்ன என்று கேட்கத் தோன்றியதே இல்லை.

விமானம் என்பது பெரும்பாலும் அலுமினியக் கலவை. கடல்மேல் பறந்து வந்தால் உடம்பெல்லாம் உப்பு. கழுவாமல் விட்டால் முதலில் ஆணித்தலைகளைச் சுற்றி வெள்ளைப் பொடி பூக்கும். அப்புறம் தகட்டுக்குள்ளேயே புகுந்துவிடும். "மேல பாத்தா பெயின்ட் ஜோரா இருக்கும். நகத்த வெச்சுக் கீறுனா நம்மூரு வர்க்கி மாதிரி ஏடு ஏடா வந்துரும்" என்றார். அந்த உவமை வந்த பிறகு எனக்கு டீக்கடையில் வர்க்கி சாப்பிடவே ஒரு மாதிரியாக இருக்கிறது. அதனால் பறந்து வந்த ஒவ்வொன்றையும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். மேலே இல்லை, கீழே, மடிப்புகளில், சக்கரம் உள்ளே போகும் குழியில். அடித்தகட்டில் தண்ணி வடிவதற்குச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். அதில் ஒன்று அடைத்துக்கொண்டாலும் உள்ளே உப்புத் தண்ணி தேங்கிப் போய்விடும். மாமாவின் பாக்கெட்டில் அதைக் குத்தி விடுவதற்கென்றே ஒரு கம்பி இருந்திருக்கிறது. கழுவி, துடைத்து, காய்ந்த பிறகு எண்ணெய். இஞ்சினுக்குள்ளும் தண்ணி அடிக்க வேண்டும். இது ஒரு நாளில்லை, பறக்கிற அத்தனை நாளும்.

ஆனால் கப்பலில் நல்ல தண்ணி ஏது? கடல் நீரைக் காய்ச்சி வடித்தால்தான் உண்டு. விக்ராந்த் நீராவிக் கப்பல். வடித்த தண்ணி முதலில் கொதிகலனுக்கு. விமானத்தை மேல்தளத்திலிருந்து வீசி எறியும் கவண் இருக்கிறதே, அதுவும் நீராவிதான். ஒவ்வொரு முறை விமானம் எழும்பும்போதும் நல்ல தண்ணி ஆவியாகப் போகும். மிச்சத்தில் விமானம் கழுவ வேண்டும், அதிலும் மிச்சத்தில் ஆயிரம் பேருக்கு மேல் குடிக்க, சமைக்க, குளிக்க வேண்டும். "எங்களுக்கு ஒரு வாளின்னா அவளுக்கு எட்டு வாளி. ஒடம்புல உப்பு பூத்துச் சொரிஞ்சுக்கிட்டே அவளத் தேய்ச்சு விடுவோம். எவனும் ஒரு குவளை எடுத்து மூஞ்சில ஊத்திக்க மாட்டான்" என்றார். காலையில் வேறு வேலை. பறக்கத் தொடங்கும் முன்னால் எல்லோரும் வரிசையாக நின்று, தலையைக் குனிந்தபடி மேல்தளத்தை முழுக்க நடந்து, ஒரு திருகு, ஒரு துண்டுக் கம்பி, ஒரு பிசிறு கிடந்தாலும் பொறுக்குவார்கள். இஞ்சின் உறிஞ்சிவிட்டால் போச்சு. அரிசியில் கல் பொறுக்குவதுதான், அரிசி மட்டும் 213 மீட்டர்.

மறுநாள் காலையில் நான் மட்டும் மறுபடி அருங்காட்சியகம் போனேன். முந்தின நாள் நடந்த கலவரத்தில் உள்ளே இருக்கும் காட்சிக்கூடத்தைப் பார்க்கவே இல்லை. நன்றாகவே வைத்திருக்கிறார்கள். கப்பல்களின் மாதிரிகள், ஆயுதங்கள், இஞ்சின்கள், படங்கள். 1971 டிசம்பர் 4 அன்று விக்ராந்திலிருந்து கிளம்பிய சீ ஹாக்குகள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கியது எங்கே போனாலும் சொல்லப்படுகிற கதை, சொல்லப்பட வேண்டிய கதையும்தான். ஆனால் அப்போது கப்பலின் கொதிகலன் ஒன்றில் விரிசல், முழு வேகம் எடுக்க முடியாத நிலை. அந்தக் கப்பலைப் போர்க்களம்வரை ஓட்டிக்கொண்டு போன கொதிகலன் அறைக்காரர்கள் எப்படியிருந்தார்கள் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். என் கண் ஒரு வாளியைத் தேடியது. கிறுக்குத்தனம்தான். கண்ணாடிப் பெட்டிகளில் நான் பார்த்தவரை வாளி இல்லை, துணி இல்லை, ஓட்டை குத்தும் கம்பி இல்லை.

முதலில் கோபம் வந்தது. வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்தபோது அந்தக் கோபம் நிற்கவில்லை. நடந்ததைத்தான் காட்சிக்கு வைக்க முடியும். குண்டு விழுந்தது, விமானம் இறங்கியது, பதக்கம் குத்தினார்கள். மாமா பத்து வருடம் செய்த வேலையின் பலன், ஒன்று நடக்காமல் போனது. ஒரு தகடு பிரியவில்லை, ஒரு ஆணி தளரவில்லை, ஒரு விமானம் கடலில் விழவில்லை. நடக்காமல் போனதை எந்தப் பெட்டியில் வைப்பது? அதற்கு என்ன குறிப்பு எழுதுவது? எழுபது வயதில் புல்லில் படுத்து விரலை நக்கியவருக்கு மட்டும் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கிறது. அவர் அங்கே பார்க்கப் போனது பழைய விமானத்தை இல்லை. வேலைக்குப் போனார். பத்து நிமிடம், ஒரு லிட்டர் தண்ணி.

அன்றைக்கு அந்தக் காவலர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "அங்கிள் வரலியா?" என்று கேட்டார். முட்டி வலி என்றேன்.

பெரிசாக்கு

மாமாவின் அந்தப் பழைய விக்ராந்தே இப்போது இல்லை. 1997-ல் ஓய்வு கொடுத்து, மும்பையில் கொஞ்ச காலம் அருங்காட்சியகமாக வைத்திருந்தார்கள், 2014-ல் உடைக்கத் தொடங்கினார்கள். அந்த இரும்பில் கொஞ்சத்தை வாங்கித்தான் 2016-ல் பஜாஜ் 'வி' பைக் செய்தது. எதிர்வீட்டு அக்காவின் மகன் போன மாதம் செகண்ட் ஹேண்டில் அந்த வண்டி ஒன்றை வாங்கி வந்தான். விலை குறைவு என்று வாங்கினான், விக்ராந்த் கதையெல்லாம் அவனுக்குத் தெரியாது. மாமா தெருவைக் கடந்து போய் ஒருமுறை சுற்றி வந்தார். மறுநாளிலிருந்து சாயங்காலம் இரண்டு வாளி. அக்கா இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. சேற்றில் போய்விட்டு வந்த வண்டியை யாராவது ஓசியில் கழுவினால் யார்தான் பேசுவார்கள்.

நேற்று மாமா வீட்டுக்கு வந்தார். கோவாவில் எடுத்த படங்களைக் காட்டச் சொன்னார். முந்நூற்றுச் சொச்சம் படம். சீ ஹாக்கின் மூக்கு, சூப்பர் கான்ஸ்டலேஷனின் மூன்று வால், கொக்கி, அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பது, கடல். எல்லாம் நின்ற வாக்கில், நிமிர்ந்து பார்த்து எடுத்தது. அலிசேயில் மட்டும் ஒன்று, எப்படியோ விரல் பட்டு விழுந்தது: புல், சக்கரம், இறக்கையின் நிழலுக்கு வெளியே மாமாவின் இரண்டு செருப்புக் கால்கள். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை மூக்கருகே கொண்டு போனார்.

"சக்கரத்துக்கு அக்கட்டால, அடித்தகட்டுல ஒரு ஓட்ட இருக்கும் பாரு. பெரிசாக்கு."

பெரிதாக்கினேன்.

"இன்னும் பெரிசாக்கு. அன்னைக்கு அதுக்குக் கை எட்டல."

பெரிதாக்கப் பெரிதாக்க, நிழல் கட்டம் கட்டமாக உடைந்துகொண்டே வந்தது. ஒரு கறுப்புக் கட்டம் ஓட்டை மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. மாமா கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார்.

"தெறந்துதான் இருக்கும்" என்றார். போனைக் கையில் கொடுத்துவிட்டு மணியைப் பார்த்தார். ஐந்தாக இன்னும் பத்து நிமிடம் இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.